ஒரு பூஜ்ஜியம் செய்யும் இரண்டு வேலைகள்

கணினியின் பேச்சு மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களில் நடக்கிறது. குரலுக்கென்று வடிவமைத்த வானொலிக் கருவிக்கோ ஒலி மட்டுமே தெரியும். இரண்டுக்கும் நடுவே அமர்வதுதான் ஹாம் வானொலியாளர்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்பவர்கள், டிஎன்சி என்று அழைக்கும் ரேடியோ தரவுக் கட்டுப்படுத்தி. அமெரிக்காவின் டூசான் நகர அமெச்சூர் குழு 1985இல் வெளியிட்ட டிஎன்சி-2 இதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி.

அதன் மூளை இசட்80 நுண்செயலி. கணினியிலிருந்து வரும் எழுத்துகளை அது நினைவகத்தில் சேர்த்து, அனுப்புநர், பெறுநர் அழைப்புக் குறிகளை முன்னால் வைத்து, ஏஎக்ஸ்.25 என்ற ஹாம் தரவுத் தொடர்பு நெறிமுறைப்படி ஒரு சட்டகமாக, அதாவது ஒரு தரவுப் பொட்டலமாகக் கட்டுகிறது. பக்கத்தில் உள்ள தொடர் தொடர்புச் சில்லுக்கு இரண்டு வாசல்கள்: ஒன்று கணினியைப் பார்த்தது, மற்றது வானொலியைப் பார்த்தது.

இந்த இரண்டாம் வாசலில் நடப்பதுதான் என்னை எப்போதும் வியக்கவைக்கிறது. ஒவ்வொரு சட்டகமும் 01111110 என்ற எல்லை அடையாளத்தில், அதாவது கொடியில் தொடங்கி அதே கொடியில் முடிகிறது. செய்திக்குள்ளேயே ஆறு ஒன்றுகள் அடுத்தடுத்து வந்தால், பெறுபவர் அதைக் கொடியென்று எண்ணிவிடுவார். ஆகவே, ஐந்து ஒன்றுகள் வந்தவுடன் சில்லு தானாகவே ஒரு பூஜ்ஜியத்தைச் செருகுகிறது. மறுமுனைச் சில்லு அதை அகற்றிவிடுகிறது.

அந்தப் பூஜ்ஜியத்துக்கு இன்னொரு பணியும் உண்டு. இங்கே பூஜ்ஜியம் என்றால் ஒலி மாற வேண்டும். ஒன்று என்றால் மாறக் கூடாது. விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் ஒரு பிட்டின், அதாவது ஒரு ஒன்று அல்லது பூஜ்ஜியத்தின் ஆயுள் ஏறத்தாழ 0.83 மில்லி விநாடி. பிட்டின் எல்லையைக் காட்டத் தனிக் கடிகாரக் கம்பி எதுவும் காற்றில் இல்லை. ஒலி மாறும் ஒவ்வொரு கணத்தையும் பிடித்தே பெறும் சுற்று தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஒன்றுகள் நீண்டுகொண்டே போனால் மாற்றமே இராது, கடிகாரம் நழுவிவிடும். கொடியைக் காக்கச் செருகிய பூஜ்ஜியம் இந்த நழுவலையும் தடுத்துவிடுகிறது!

பிட்டுகளை ஒலியாகவும் ஒலியைப் பிட்டுகளாகவும் மாற்றும் மோடம் பகுதி அந்த மாற்றங்களை 1200, 2200 ஹெர்ட்ஸ் ஆகிய இரு ஒலிகளாக்குகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போது அலை அறுபடாமல் தொடர்வது முக்கியம். அறுந்தால் தேவையற்ற அதிர்வெண்கள் கிளம்பும்.

ஆனால் உடனே பேசிவிட முடியாது. அலைவரிசையில் வேறு யாரேனும் இருக்கிறார்களா என்று மோடமின் கண்டறியும் சுற்று முதலில் சொல்ல வேண்டும். வழி திறந்ததும் நுண்செயலி ஒலிபரப்பு விசையை இயக்குகிறது. வானொலி முழுத் திறனுக்கு வரும்வரை கொடிகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். நிரல் எங்கேனும் சிக்கிவிட்டால் அலைவரிசையே அடைபட்டுப்போகும் அல்லவா? அதனால் தனியாக ஒரு காவல் நேரச்சுற்று, நுண்செயலியைக் கேட்காமலேயே விசையை விடுவித்துவிடும்.

மறுமுனையில் இதே பாதை தலைகீழாக ஓடுகிறது. உள்வரும் ஒலியைத் தன் அலையால் துரத்திப் பிடிக்கிறது ஒரு சுற்று. அப்படித் துரத்த அதற்குத் தேவைப்படும் மின்னழுத்தமே பிட்டுகளைக் காட்டிக்கொடுக்கிறது. இறுதியில் சட்டகத்தின் வாலிலுள்ள 16 பிட் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படும். பொருந்தாவிட்டால் சட்டகம் சத்தமின்றிக் கைவிடப்படும். இரு நிலையங்களும் முறைப்படி இணைந்து பேசும் இணைப்பு நிலையில் இருந்தால், குறித்த நேரத்துக்குள் பதில் வராததைக் கண்டு அனுப்பியவரின் நுண்செயலி மீண்டும் முயலும். பெற்றுக்கொண்டோம் என்ற குறுஞ்சட்டகம் திரும்பி வந்த பிறகே, அங்கே நினைவகத்தில் காத்திருந்த பிரதி அழிக்கப்படுகிறது.