சுண்டுவிரலால் அளந்த வானம்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு அருகே பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் இடத்தை இராவணன் வெட்டு என்கிறோம். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் தங்கை மகன், "மாமா, பிரபஞ்சத்துக்கு முடிவு இருக்கிறதா?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள், "முடிவே இல்லையென்றால் படைத்தவர் எங்கே நின்று படைத்தார்?" என்று அடுத்ததையும் போட்டான்.

முதல் கேள்விக்குக் கடலைக் காட்டினேன். நூறு மீற்றர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 36 கிலோமீற்றரில் இருக்கும். மணலில் நின்றால் ஐந்து கிலோமீற்றர்கூடத் தேறாது. நிலாவெளிப் படகுகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் மீனோடு திரும்பி வருகின்றன. வானத்துக்கும் இப்படியொரு தொடுவானம் உண்டு. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள்; அதற்குள் நம்மிடம் வந்துசேர நேரம் கிடைத்த ஒளியை மட்டுமே காண்கிறோம். வெளி விரிந்துகொண்டே போவதால், அந்த ஒளி புறப்பட்ட இடங்கள் இப்போது 4600 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளன. இந்த எண்ணைப் 'பிரபஞ்சத்தின் எல்லை' என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். நம் பார்வை அத்தோடு நிற்கிறது என்பதே அதன் பொருள்.

பார்வை எட்டாத இடத்தைப் பற்றி அறிய, எட்டும் இடத்தின் வளைவை அளக்கிறார்கள். பூமத்திய கோட்டில் தள்ளித்தள்ளி நிற்கும் இருவர் நேர் வடக்கே நடந்தால் துருவத்தில் முட்டிக்கொள்வார்கள். பூமி உருண்டை என்பதை அந்த நடையே காட்டிக்கொடுத்துவிடும். வானத்தில் அந்த இருவருக்குப் பதிலாக ஒளிக்கதிர்கள். பிரபஞ்சம் விரியத் தொடங்கிய பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளி, நுண்ணலையாக இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. 1964இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரு அமெரிக்க வானொலி வானியலாளர்கள் அதைத் தங்கள் அன்டெனாவின் இரைச்சலாகக் கேட்டு, புறா எச்சத்தின் வேலையோ என்று துடைத்தும் பார்த்தார்கள்.

அந்த ஒளியில் சற்றுச் சூடான, சற்றுக் குளிர்ந்த திட்டுகள் உள்ளன. அவற்றின் உண்மைப் பருமன் கணக்கில் தெரியும். வெளி உருண்டைபோல் வளைந்திருந்தால் அவை பெருத்துத் தெரியும். குதிரைச் சேணம்போல் வளைந்திருந்தால் சிறுத்துத் தெரியும். தட்டையென்றால் ஏறத்தாழ ஒரு பாகை. கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்துங்கள், அதன் அகலம் சுமார் ஒரு பாகை. கிழக்குக் கடலில் எழும் முழுநிலா அதில் பாதிதான், விரலுக்குப் பின்னால் முழுதாக ஒளிந்துவிடும். 1998இல் அந்தாட்டிக்காவின் மேல் பூமராங் என்ற பலூன் பறந்து அளந்தது. 2000இல் வந்த முடிவு அந்தச் சுண்டுவிரல் அளவேதான். பிறகு பிளாங்க் செய்மதி இன்னும் நுட்பமாகப் பார்த்தும் உறுதியான வளைவு எதுவும் அகப்படவில்லை.

தட்டை என்றவுடன் முடிவிலி என்று துள்ளிவிட வேண்டாம். பழைய நொக்கியா போனில் பாம்பு வலப்பக்கம் போய் இடப்பக்கத்தால் வருமே, அந்தத் திரை தட்டை, பாம்புக்கு விளிம்பு கிடையாது, இடமோ உள்ளங்கையளவு. பிரபஞ்சம் அப்படி மடிந்திருந்தால் ஒரே திட்டுக் கோலம் வானின் இரு பக்கங்களில் தெரியலாம். தேடினார்கள், கிடைக்கவில்லை. மடிப்பு தொடுவானத்துக்கு அப்பாலும் இருக்கலாம். அளவிக்குச் சிக்காத மெல்லிய வளைவும் இருக்கலாம்; இக்கோயிலுக்கு வரும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் மானுக்கும் பூமி தட்டைதானே.

படைத்தவர் விஷயத்துக்கு வருவோம். பெருவெடிப்பை ஒரு புள்ளியில் வெடித்த வாணமாகப் பலர் கற்பனை செய்கிறார்கள். பிரபஞ்சம் இன்று முடிவில்லாதது என்றால் அன்றும் முடிவில்லாததே, ஆனால் மிக அடர்த்தியாக இருந்தது. ஆகவே அளவை வைத்துப் படைப்பைத் தீர்மானிக்க முடியாது. பிரபஞ்சம் ஒரு 'ஆதி அணு'விலிருந்து தொடங்கியது என்ற கருத்தை 1931இல் முன்வைத்த லெமெத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் அத்தகைய அறிவியலைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது லெமெத்ர் மகிழவில்லை. சமயக் கேள்விகளுக்கு வெளியிலேயே தம் கோட்பாட்டை வைத்தார்.

இறங்கி வரும்போது அவனுக்கு அடிமுடி தேடிய கதையைச் சொன்னேன். முடியைக் காணாமலே கண்டதாகப் பிரமன் சொன்னதையும், தாழம்பூ பொய்ச்சாட்சி சொல்லிச் சிவபூசைக்கு ஆகாமற் போனதையும் கேட்டுவிட்டு, கோட்டை வாசல்வரை பேசாமல் வந்தான்.

"மாமா, பிரமன்தானே படைக்கிறவர்?"

"ஆமாம்."

"அவருக்கே முடிவு தெரியவில்லையா?"