2016 பிப்ரவரி 10 அன்று உங்கள் பி.எஃப். பணத்துக்கு என்ன நடந்தது?

ஓசூரில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆலோசகராக இருக்கிறேன். சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு மாதாமாதம் சலான் போடுவது, வேலையை விட்டு நின்றவர்களுக்கு செட்டில்மென்ட் படிவம் நிரப்பித் தருவது, ஆதாரில் ஒரு எழுத்து மாறியதால் பணம் நின்றுபோனவர்களுக்காக அலைவது, இதுதான் என் தொழில். மேஜைக்கு எதிரில் வந்து உட்காருகிறவர்களிடம் ஒன்றைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். டெல்லியில் யார் யாரை தேசவிரோதி என்றார்கள், எந்த ஊருக்குப் பெயர் மாற்றினார்கள், எந்த நடிகை என்ன உடை உடுத்தியதற்குக் கண்டனம் வந்தது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கான விதி மாறியது மட்டும் தெரிவதில்லை. வந்து உட்கார்ந்த பிறகு நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னை முதலில் உலுக்கியது 2016 பிப்ரவரி. அந்த மாதம் 9ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அங்கே எழுந்ததாகச் சொல்லப்பட்ட கோஷங்களை வைத்து 12ஆம் தேதி மாணவர் சங்கத் தலைவர் கன்னையா குமாரை தேசத்துரோக வழக்கில் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு பல வாரங்கள் டீக்கடையில் அதே பேச்சுதான். தேசபக்தி என்றால் என்ன, 'பாரத் மாதா கி ஜே' சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று மார்ச் முழுக்க ஓடியது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், பிப்ரவரி 10 அன்று, மத்திய தொழிலாளர் அமைச்சகம் பி.எஃப். திட்டத்தைத் திருத்தி அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதுவரை வேலையை விட்டு இரண்டு மாதம் வேறு வேலை இல்லாமல் இருந்தால் பி.எஃப். கணக்கில் இருக்கும் முழுத்தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். புதிய விதிப்படி தொழிலாளி கட்டிய பங்கும் அதற்கான வட்டியும் மட்டும்தான் கிடைக்கும். கம்பெனி கட்டிய பங்கு 58 வயதுவரை உள்ளேயே இருக்கும்.

அந்த மாதக் கடைசியில் ஓர் அம்மா வந்தார். பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் டெய்லர். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தவர், கண் மங்கிவிட்டது என்று வேலையை விட்டிருந்தார். மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். வயது 37. கம்பெனி பங்கு இப்போது வராதும்மா, 58இல்தான் என்று சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருபத்தொரு வருஷமா சார்?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

தொகை பெரியதில்லை. கம்பெனி கட்டுகிற 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போய்விடும். மிச்சம் 3.67 சதவீதம்தான் பி.எஃப். கணக்கில் சேரும். மாதம் 7,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்றால் அது 257 ரூபாய். ஆனால் வட்டியோடு பல வருடம் சேர்ந்த அந்த 257தான் இந்தப் பெண்களுக்குக் கல்லூரிக் கட்டணம், காதுகுத்து, கடன்காரனின் வாயை அடைக்கும் பணம். கார்மென்ட்ஸில் 58 வயதுவரை தையல் மெஷினில் உட்கார்ந்தவரை நான் பார்த்ததே இல்லை. நாற்பதுக்குள் முதுகும் கண்ணும் போய்விடும். விதியை எழுதியவர்கள் இதைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 29 பட்ஜெட்டில் இன்னொன்றும் வந்தது. பி.எஃப். பணத்தை எடுக்கும்போது 60 சதவீதத்துக்கு வரி என்றார்கள். அதற்கு உடனே பெரிய எதிர்ப்பு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் பணம் அது. எழுதத் தெரிந்தவர்கள், கேட்கத் தெரிந்தவர்கள். எட்டே நாளில், மார்ச் 8 அன்று, நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதைத் திரும்பப் பெற்றார். பிப்ரவரி 10 அறிவிக்கையோ ஏப்ரல் 30 வரை தள்ளி வைக்கப்பட்டதே தவிர ரத்தாகவில்லை.

ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பொம்மனஹள்ளியில் பெண்கள் கம்பெனியை விட்டு வெளியே வந்து ஓசூர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரிய சங்கம் எதுவும் அழைக்கவில்லை. ஒரு கம்பெனியிலிருந்து அடுத்த கம்பெனிக்குச் செய்தி போனது, அவ்வளவுதான். மறுநாள் பீன்யா, ஜாலஹள்ளி, ஹெப்பகோடி என்று பரவியது. தடியடி, கண்ணீர்ப்புகை, பஸ் எரிப்பு எல்லாம் நடந்தது. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. அன்று மாலைக்குள் தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா முதலில் ஜூலை 31 வரை ஒத்திவைப்பு என்றார், பிறகு அறிவிக்கையே ரத்து என்றார். இரண்டே நாள்.

அந்த ரோட்டில் உட்கார்ந்தவர்களில் கன்னடம் பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். பொட்டு வைத்தவர்களும் பர்தா போட்டவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய சம்பளச் சீட்டிலும் அதே பி.எஃப். பிடித்தம்தான் இருந்தது.

அப்புறம் அதே வருடம் செப்டம்பர் 12. காவிரித் தண்ணீர் திறப்பது பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி பெங்களூரில் கலவரம். தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட பஸ்களைக் கொளுத்தினார்கள். அத்திப்பள்ளி எல்லையில் பேருந்துகள் நின்றுபோயின. ஏப்ரலில் ஒன்றாக உட்கார்ந்த பெண்களில் பாதிப் பேர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார்கள். சிலர் எல்லைவரை ஒரு வண்டி, அங்கிருந்து நடை, பிறகு வேறு வண்டி என்று போனார்கள். போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் யாருக்கும் மொழி தேவைப்படவில்லை. இப்போது போனில் வாய்விட்டுப் பேசவே பயப்பட்டார்கள். ஒரே சாலை, ஒரே வருடம், ஒரே மனிதர்கள். பண்பாட்டுச் சண்டை என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த இரண்டு மாதங்கள்தான்.

இதைச் சதி என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2022 மார்ச் 12 அன்று பி.எஃப். வட்டியை 8.5 சதவீதத்திலிருந்து 8.1 ஆகக் குறைக்க முடிவு செய்தார்கள். 1977-78க்குப் பிறகு அதுதான் மிகக் குறைந்த வட்டி. மூன்று நாள் கழித்து ஹிஜாப் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பேச்சுதான். ஆனால் பி.எஃப். வட்டியை நிதியாண்டு முடிகிற நேரத்தில் முடிவு செய்வது வழக்கம்தான். தேதிகள் தற்செயலாகச் சேர்ந்தவை. 2019இல் ஊதியச் சட்டத் தொகுப்பு மாநிலங்களவையில் நிறைவேறியது ஆகஸ்ட் 2, காஷ்மீரின் 370ஆவது பிரிவு அறிவிப்பு ஆகஸ்ட் 5. அதையும் திட்டம் என்று நான் சொல்லத் தயாரில்லை. திட்டமிட்டாலும் திட்டமிடாவிட்டாலும் தொழிலாளிக்கு நேர்வது ஒன்றுதான், அந்த வாரத்தில் அவர் பணத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஏன் பார்ப்பதில்லை? ஒரு கோஷத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல எதையும் படித்திருக்கத் தேவையில்லை. யார் நம்மவர், யார் எதிரி என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 8.33 சதவீதம் எங்கே போகிறது என்று புரிந்துகொள்ளக் கால்மணி நேரம் உட்கார வேண்டும். அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. அது கார்மென்ட்ஸ் பெண்ணின் வாட்ஸ்அப்புக்கு வந்து சேருவதில்லை. எல்லாக் கட்சிகளுக்கும் முதல் வகைப் பேச்சு சுலபம், செலவும் குறைவு. மேடையில் ஒரு வார்த்தை போதும். பென்ஷனை உயர்த்துகிறேன் என்று சொன்னால் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லியாக வேண்டும்.

பென்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பென்ஷனில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடமே கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 3,000 ஆவது தர வேண்டும் என்று சொல்லியிருந்தது. 1,000 என்று வைத்த பிறகு இரண்டு மக்களவைத் தேர்தல்கள் வந்து போய்விட்டன, 2019, 2024. 1,000 அப்படியே நின்றது. அந்தத் தேர்தல்களில் கோயில், மசூதி, தாலி, மாட்டிறைச்சி எல்லாம் பேசப்பட்டன. ஆயிரம் ரூபாயில் மாதம் ஓட்டுகிற வயதானவரைப் பற்றி எத்தனை மேடையில் பேசினார்கள்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆதரவற்ற முதியோர் பென்ஷனில் 60 முதல் 79 வயதுவரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு வெறும் 200 ரூபாய்.

இதற்காக அடையாளச் சண்டைகள் எல்லாமே வெற்றுச் சண்டை என்று சொல்லிவிட முடியாது. சாதியைக் கேட்டுவிட்டு வாடகைக்கு வீடு தர மறுக்கிறார்கள் என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு. மதத்தைக் கேட்டு வேலை தராத கம்பெனியும் உண்டு. அவர்களிடம் போய் முதலில் வயிற்றைப் பாருங்கள், மானத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டும் பின்னிக் கிடக்கிற இடங்களும் இருக்கின்றன. மும்மொழிச் சண்டையில் நாம் கேட்டது மொழி, ஆனால் நின்றுபோனது மத்திய அரசிடமிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்வித் திட்ட) நிதி 2,152 கோடி ரூபாய். மொழியைப் பற்றிப் பேசும்போது அந்தப் பணத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மக்களுக்கு இது புரியாமல் இல்லை. 2024 தேர்தலுக்கு முன் லோக்நிதி-சி.எஸ்.டி.எஸ். என்ற ஆய்வு அமைப்பு எடுத்த கருத்துக்கணிப்பில், எது பெரிய பிரச்சினை என்று கேட்டபோது வேலையின்மை என்றவர்கள் 27 சதவீதம், விலைவாசி என்றவர்கள் 23 சதவீதம். ராமர் கோயில் என்றவர்கள் 8 சதவீதம். கோயில் குடமுழுக்கு அந்த ஜனவரியில்தான் நடந்திருந்தது. அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் தொகுதியில் பா.ஜ.க. தோற்றது. அதனால் பண்பாட்டு அரசியல் முடிந்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள், எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ஒரு தொகுதி தோற்பதற்குச் சாதிக் கணக்கு, வேட்பாளர், நிலம் எடுத்த வருத்தம் என்று பல காரணம் இருக்கும். கருத்துக்கணிப்பில் வேலை என்று சொல்லிவிட்டுப் பூத்துக்குள் வேறு ஒன்றை நினைத்துப் பொத்தானை அழுத்துகிறவர்களும் இருப்பார்கள்.

இப்போது நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. மேலே சொன்ன ஊதியத் தொகுப்பு போக மற்ற மூன்றை 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நாட்களில் நிறைவேற்றினார்கள். உங்கள் சம்பளச் சீட்டில் இதனால் என்ன மாறும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். கிராஜுட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, அதை வைத்துத்தான் கணக்காகும் என்பதால் அந்தத் தொகை கூடும். பி.எஃப். பிடித்தமும் சிலருக்குக் கூடலாம், கையில் வாங்குவது கொஞ்சம் குறையலாம். ஒப்பந்தக் காலம் போட்டு வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுட்டி உண்டு, இது நல்ல மாற்றம். 100 பேர் இருந்தாலே ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி தேவை என்றிருந்தது, இப்போது 300 பேர் இருந்தால்தான் தேவை என்று ஆகிவிட்டது, இது ஓசூர் மாதிரி நடுத்தரக் கம்பெனிகள் நிறைந்த ஊரில் நேராகத் தட்டும். உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு வேலை. உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதலாம். அவர் மக்களவையில் ஒரு கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால், அது ஏற்கப்பட்டால், அமைச்சர் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதில் நாடாளுமன்ற இணையதளத்தில் நிரந்தரமாக இருக்கும். போன மாதம் என் அலுவலகத்துக்கு லைஃப் சர்டிபிகேட் போட வந்த பென்ஷன்காரர்கள் ஒன்பது பேரோடு உட்கார்ந்து அப்படி ஒரு கடிதம் எழுதினோம். என்ன கேட்பது என்று அரைமணி நேரம் பேச்சு. ஒருவர் ஒரு கட்சிக் கரைவேட்டி, இன்னொருவர் நெற்றியில் திருநீறு, ஒருவர் தொழுகைக்கு நேரமாகிறது என்று அவசரப்பட்டார். கடைசியில் இரண்டே வரி: 1,000 ரூபாய் குறைந்தபட்ச பென்ஷனை உயர்த்த 2014 முதல் அமைச்சகத்துக்கு எத்தனை பரிந்துரைகள் வந்தன, ஒவ்வொன்றின் மேலும் என்ன முடிவு எடுக்கப்பட்டது? ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இருவர் கைநாட்டு. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, ரசீதை அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். இதே கேள்வியை உங்கள் தொகுதியிலிருந்தும் அனுப்ப விரும்பினால் அந்தக் கடிதத்தின் நகலைத் தருகிறேன்.