புளியா, சோடாவா? வீட்டு அழுக்கின் வேதியியல்

பாத்திரம் கழுவும் தொட்டியில் சமையல் சோடாவைக் கொட்டி, அதன்மேல் வினிகரை ஊற்றும் காணொளிகள் யூடியூபில் ஏராளம். நுரை பொங்குவதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் கரைந்து ஓடுவதுபோலத் தோன்றும். உண்மையில் அந்த நுரையில் இரண்டு நல்ல பொருள்களும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. கடை வினிகரில் சுமார் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலம் உண்டு, அதாவது 100 மி.லி.யில் 4 கிராம். அதை முழுவதும் முறிக்க 5.6 கிராம் சமையல் சோடா போதும். ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். நுரை அடங்கியபின் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். அது உப்புக்கறையையும் கரைக்காது, எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்காது.

இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் கதையே வேறு. குழாயில் படியும் வெள்ளைப் படிவமும் பித்தளையில் ஏறும் பச்சைக் களிம்பும் அமிலத்தில் கரையும். அடுப்படிப் பிசுக்குக் காரத்தில், அதாவது சோடா, சாம்பல் போன்றவற்றில் விட்டுப்போகும். துணியிலும் தரையிலும் ஒட்டும் சாதாரண அழுக்குக்குச் சோப்பு போல நீரையும் எண்ணெயையும் இணைத்துவைக்கும் பொருள் வேண்டும். அழுக்கு எந்த வகை என்று தெரிந்தால், அலமாரியில் இருக்கும் ஆறேழு புட்டிகளில் பாதிக்கு வேலையில்லை.

முதலில் உப்புக்கறை. போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய், வாளி, கெட்டில் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் இதேதான். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் இது போகாது; தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து இன்னொரு வெள்ளைப் படலத்தைத்தான் உண்டாக்கும். அமிலம் பட்டால் கார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, கால்சியம் நீரில் கரைந்து போய்விடுகிறது. இதற்கு வினிகரைவிடச் சிட்ரிக் அமிலம் மேல். பொடியாகக் கிடைக்கிறது, வாடை இல்லை, சிறிய பொட்டலமே பல முறைக்கு வரும். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் தருவார்கள்.

கெட்டிலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம். கை பொறுக்காத அளவு சூடாக்கி, கொதிக்கவிடாமல் அரை மணி நேரம் விடுங்கள். கொதிக்கவிட்டால் வேகமாகக் கரையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இங்கே உண்டாகும் கால்சியம் சிட்ரேட், சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும் பொருள். பழைய படிவம் போன இடத்தில் புதிய வெள்ளைப் பொடி உட்கார்ந்துவிடும். படிவம் தடிமனாக இருந்தால் தண்ணீரை மாற்றி இரண்டாம் முறை செய்வதே சரி. முடிந்ததும் வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள்.

கழிப்பறைக் கோப்பைக் கறைக்கு இன்னும் திடமான கரைசல் வேண்டும்: லிட்டருக்கு 100 கிராம். பலர் தோற்பது இங்கேதான். கோப்பையில் நிற்கும் தண்ணீரிலேயே ஊற்றினால் அமிலம் நீர்த்துப்போகிறது. நிற்கும் தண்ணீரைப் பிரஷால் உள்ளே தள்ளிவிட்டு, பழைய பருத்தித் துணியைக் கரைசலில் நனைத்துக் கறைமேல் ஒட்டி, இரவு முழுக்க விடவேண்டும். கடையில் வாங்கும் நீலத் திரவங்கள் பலவற்றில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நிமிடங்களில் செய்வதை இது மணிக்கணக்கில் செய்யும். நெஞ்சை அடைக்கும் புகை மட்டும் இருக்காது.

அமிலத்துக்கு ஆகாத இடங்களும் உண்டு. சமையலறை மேடையிலும் அலமாரியிலும் போடும் கடப்பா கல், சுண்ணாம்புக்கல் வகை. அதன்மேல் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்தால் காலையில் வெளுத்த வட்டம் தெரியும். அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்டிருக்கிறது, துடைத்தால் போகாது. பளிங்கு, மொசைக் தரைக்கும் இதே ஆபத்து. கிரானைட் பொதுவாகத் தாங்கும். சந்தேகம் இருந்தால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்கினால் அமிலம் வேண்டாம்.

பித்தளைக்குப் புளி என்பது நம் வீடுகளில் யாரும் சொல்லித்தராமலே தெரிந்த செய்தி. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கறுத்த ஆக்சைடையும் பச்சைக் களிம்பையும் கரைப்பதோடு, கரைந்த செம்பைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். உப்புச் சேர்த்தால் வேகம் கூடும். எலுமிச்சை அளவு புளி, அரை டம்ளர் வெந்நீர், ஒரு தேக்கரண்டி கல்லுப்பு. குத்துவிளக்குக்கு மட்டும் ஒரு முன்வேலை இருக்கிறது. எண்ணெய் ஊறிய உலோகத்தை அமிலம் நெருங்கவே முடியாது. ஆகவே முதலில் சூடான சலவை சோடா நீரிலோ சாம்பலிலோ எண்ணெயைப் போக்குங்கள், பிறகு புளி. புளி தடவி ஐந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் ஊறவிட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பு செம்பு நிறமாகச் சிவந்துவிடும். தேய்த்த கையோடு நன்றாகக் கழுவி, ஒரு சிட்டிகை சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாளே கறுத்துப்போகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி அலசலை விட்டவர்கள்தான்.

இட்லிப் பானைத் தண்ணீரில் ஒரு துண்டுப் புளியோ எலுமிச்சைத் தோலோ போடும் பழக்கத்துக்கும் இதே அமிலம்தான் காரணம். உப்புத்தண்ணீர் லேசான காரத்தன்மை உடையது. அதில் அலுமினியம் கறுக்கும். சிறிது அமிலம் அதைத் தடுக்கும்.

இனி எண்ணெய். சமையல் சோடா இங்கே பலவீனமான ஆள். அமில, காரத் தன்மையை அளக்கும் pH அளவுகோலில் (7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம்) அது 8.3 என்ற அளவில்தான் நிற்கும். சலவை சோடா 11ஐத் தொடும். சூடான நீரில் இது எண்ணெயின் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். அந்தச் சோப்பு மீதி எண்ணெயை இழுத்துக்கொண்டு போகும். அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் பாத்திரம் துலக்கியது இதே முறையில்தான். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் சலவை சோடாவின் நெருங்கிய உறவு. ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து, எவர்சில்வர் அடுப்புத் தட்டு, பர்னர் தாங்கிகளை அரை மணி நேரம் ஊறவையுங்கள். கையுறை அவசியம், தோலிலுள்ள எண்ணெயையும் இது விட்டுவைக்காது. அலுமினியத்தை மட்டும் இதில் போடாதீர்கள். சிம்னி வலைகள் பல அலுமினியம்தான். காரம் பட்டால் அவை கறுத்து அரிபட்டுப்போகும். அவற்றுக்குச் சோப்பும் வெந்நீருமே போதும்.

எக்ஸாஸ்ட் விசிறியில் பசைபோல இறுகிய பழைய பிசுக்குக்கு வேறு வழி இருக்கிறது. பலாப்பழம் அரியும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வது எதற்கு? பால் ஒட்டாமலிருக்க. பிசுக்கும் அப்படித்தான், புது எண்ணெயில் இளகும். துணியில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துச் சோப்பு நீரால் துடையுங்கள். டப்பாவில் லேபிள் விட்டுச்சென்ற பசையும் இப்படியே போகும்.

தரைக்கும் மென்மையான துணிக்கும் பூந்திக்கொட்டை. கொட்டையை நீக்கி, மேல்தோலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சபோனின் என்ற நுரைப்பொருள் இருப்பது அதில்தான். 100 கிராம் தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். கால்சியத்தோடு சேர்ந்து திரியாது என்பதால் உப்புத்தண்ணீரிலும் வேலை செய்யும். காரமில்லாததால் பட்டுக்கும் பாதகமில்லை. நுரை குறைவாக வந்தால் கவலை வேண்டாம், நுரைக்கும் அழுக்கு நீங்குவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். இயற்கையானது என்பதற்காக மீன்தொட்டி அருகில் கொண்டுபோகாதீர்கள், சபோனின் மீன்களுக்கு நஞ்சு. கண்ணில் பட்டாலும் கடுமையாக எரியும்.

பழத்தோலில் செய்யும் பயோ என்சைமும் இப்போது பல வீடுகளில் உண்டு. வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். பெயரில் என்சைம் இருந்தாலும் துடைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது நொதித்தலில் உண்டான அமிலங்கள்தான். ஆகவே இதுவும் கடப்பா கல்லுக்கு ஆகாது. கண்ணாடிப் புட்டியில் செய்யாதீர்கள். முதல் மாதம் வாயு நிறைய வரும், தினமும் மூடியைத் தளர்த்தாவிட்டால் வெடிக்கும்.

இவை எல்லாம் அழுக்கை நீக்குபவை. கிருமியைக் கொல்லும் வேலையை இவற்றிடம் நம்பி ஒப்படைக்க முடியாது. வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால், கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலே சரி. அதைப் போடும் நாளில் வினிகர், சிட்ரிக் அமிலம், புளி எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. அமிலம் பட்டால் பிளீச்சிங் பவுடரிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. முதலில் போட்டதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளிவிட்டு, அடுத்ததை மறுநாள் எடுங்கள். கரைசல்களைப் பழைய குடிநீர், குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்காதீர்கள். வேறு புட்டியில் ஊற்றி, உள்ளே இருப்பது என்ன, கலக்கிய தேதி என்ன என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.