பாஸ்போர்ட் இல்லாமல் நேபாளம்: பஸ்ஸில் எல்லை தாண்ட எந்த அட்டை வேண்டும்?

கோரக்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, எல்லையை நடந்தே கடந்து, அந்தப் பக்கம் இன்னொரு பஸ் ஏறினால் காத்மாண்டு போய்ச் சேரலாம். இந்தியக் குடிமக்களுக்கு இதற்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை. டிராவல்ஸ்காரர்களின் பேக்கேஜில் சேர்ந்துதான் போக வேண்டும் என்பதும் கிடையாது. பசுபதிநாதரையும் முக்திநாத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை இருந்தும், பாஸ்போர்ட் எடுக்கவில்லையே என்று தயங்கி நிற்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "ஆதார் இருந்தால் போதும், நேபாளம் போய்விடலாம்" என்று பலரும் சொல்கிறார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது. 15 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்டவர் என்றால், நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியது பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது

1950 ஜூலை 31 அன்று காத்மாண்டுவில் இந்தியாவும் நேபாளமும் அமைதி, நட்புறவு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அதன் 7-வது பிரிவு, ஒரு நாட்டின் குடிமக்கள் மற்ற நாட்டில் தங்குவது, சொத்து வைத்திருப்பது, வணிகம் செய்வது, நடமாடுவது ஆகியவற்றில் இரு நாடுகளும் பரஸ்பரம் சலுகை தர வேண்டும் என்கிறது. உத்தராகண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், சிக்கிம் என்று ஐந்து மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் 1,751 கிலோமீட்டர் எல்லை இன்றும் திறந்தே கிடப்பதற்கு இதுதான் அடிப்படை. இந்தியப் பக்கம் சசஸ்திர சீமா பல் என்ற துணை ராணுவப் படையும், நேபாளப் பக்கம் அவர்களின் ஆயுதக் காவல் படையும் காவல் நிற்கின்றன. அவர்கள் பையைச் சோதிக்கலாம், அட்டையைக் கேட்கலாம். ஆனால் இந்தியக் குடிமகனிடம் விசா கேட்கமாட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்ற கெடுவும் இல்லை. யாராவது உங்களிடம் "நுழைவுக் கட்டணம்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நடந்து கடக்கும் இந்தியருக்கு அப்படி ஒரு கட்டணமே கிடையாது.

எந்த வயதுக்கு எந்த அட்டை

இந்திய உள்துறை அமைச்சகத்தின் விதி இப்படி இருக்கிறது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இல்லையென்றால் தேர்தல் ஆணையம் வழங்கிய புகைப்படத்துடன் கூடிய வாக்காளர் அடையாள அட்டை. இந்த இரண்டில் ஒன்று வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் இதில் தளர்வு உண்டு. வயதையும் அடையாளத்தையும் காட்டும் வேறு புகைப்பட அட்டையே போதும். ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், ரேஷன் கார்டு எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. 15 முதல் 18 வயதுவரை உள்ள மாணவர்கள், பள்ளித் தலைமையாசிரியர் உரிய படிவத்தில் கையெழுத்திட்டுத் தரும் அடையாளச் சான்றிதழைக் காட்டிப் போகலாம்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு இன்னொரு சலுகை இருக்கிறது. பெரியவர்களில் ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால், மற்றவர்களும் அதையே வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. புகைப்படமும் உறவுமுறையும் தெரிகிற ஏதாவது ஓர் ஆவணம் அவர்களிடம் இருந்தால் சரி. இதில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. தமிழ்நாட்டு ஸ்மார்ட் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவரின் படம்தான் இருக்கும், மற்றவர்களின் பெயர் மட்டுமே இருக்கும். அதனால் ரேஷன் கார்டோடு ஒவ்வொருவரின் ஆதாரையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். ஒன்று உறவைக் காட்டும், மற்றது முகத்தைக் காட்டும்.

அப்படியானால் ஆதாரை ஏன் எல்லோருக்கும் ஏற்பதில்லை? ஆதார் என்பது இந்தியாவில் வசிப்பவர் யார் என்று சொல்லும் அட்டை. குடியுரிமைக்கு அது சான்றல்ல. இந்தியாவில் வசிக்கும் வெளிநாட்டவரும் உரிய நிபந்தனைகளோடு ஆதார் பெறலாம். நேபாளம் விசா இல்லாமல் அனுமதிப்பதோ இந்தியக் குடிமக்களை. வாக்காளர் பட்டியலில் குடிமக்களின் பெயர் மட்டும்தான் இருக்க முடியும் என்பதால் அந்த அட்டைக்கு இங்கே மதிப்பு.

சரி, எல்லையில் ஆதாரைக் காட்டிப் போனவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கூட்டமான நேரத்தில் எந்த அட்டையையும் காட்டாமலே கடந்து போகிறவர்களும் உண்டு. சிக்கல் பெரும்பாலும் போகும்போது வருவதில்லை, திரும்பும்போதுதான் வருகிறது. மழைக்காலத்தில் காத்மாண்டுவிலிருந்து தெராய் சமவெளிக்கு இறங்கும் சாலைகள் மண்சரிவால் அடைபடுவது வழக்கம். 2024 ஜூலை 12 அன்று நாராயண்காட்–முக்லிங் சாலையில் மண்சரிவு இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிவிட்டது. அப்படிச் சாலை அடைபட்டால் விமானத்தில்தான் திரும்ப முடியும். விமான நிலையத்தில் இந்த ஆவண விதியில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். 40 வயதுக்காரர் ஆதாரை மட்டும் நீட்டினால் விமானம் ஏற முடியாது. எல்லையில் யாரும் கேட்கவில்லை என்ற நம்பிக்கையில் வாக்காளர் அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஜெராக்ஸ் போதாது, அசல் அட்டையே வேண்டும்.

அங்கே அட்டை தொலைந்துவிட்டால், முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, காத்மாண்டு லைன்சவுரில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். ஊர் திரும்ப ஒரே ஒரு முறை பயன்படும் அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள். பீர்கஞ்சிலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. நேபாளத்திலிருந்து வேறு நாட்டுக்குப் பறக்கப் போகிறீர்கள் என்றால் கதையே வேறு. அதற்குப் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது.

கோரக்பூர்–சோனௌலி வழி

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு வசதியான வாசல் இதுதான் என்பது என் கருத்து. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் நேராகக் கோரக்பூர்வரை போகிறது. மற்றவர்கள் லக்னோ அல்லது வாரணாசி வழியாகப் போகலாம். காசி யாத்திரையோடு சேர்த்துப் போகிறவர்களும் இப்படித்தான் போகிறார்கள்.

கோரக்பூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே "காத்மாண்டு, போகரா" என்று ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். இங்கேயே காசு கட்டினால் அங்கே பஸ் தயாராக நிற்கும் என்பார்கள். வாங்காதீர்கள். எல்லையைத் தாண்டியதும் அந்தச் சீட்டுக்கு அங்கே யார் பொறுப்பு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும். உத்தரப் பிரதேச அரசு பஸ்ஸில் சோனௌலிக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர், சுமார் மூன்று மணி நேரம். ரயிலில் நௌதன்வா வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சோனௌலி போவதும் ஒரு வழி.

சோனௌலியில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து எல்லை வளைவுவரை நடந்தே போய்விடலாம். கடை, லாரி வரிசை, ரிக்‌ஷா என்று சாதாரணக் கடைத்தெருவாகவே இருக்கும். அந்தப் பக்கம் பெல்ஹியா. பையைத் திறந்து பார்த்தால் பொறுமையாகக் காட்டுங்கள். அங்கிருந்து பைரஹவா நகரம் நாலு கிலோமீட்டர்தான், பேட்டரி ரிக்‌ஷா ஓடுகிறது. புத்தர் பிறந்த லும்பினி பைரஹவாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. முதல் நாள் அங்கே தங்கிவிட்டு மறுநாள் மலை ஏறினால் உடம்புக்கும் நல்லது. காத்மாண்டு பஸ் நாராயண்காட், முக்லிங் வழியாகப் போகும். போகரா பஸ் புட்வல், பால்பா வழியாக மலையேறும். வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். காத்மாண்டுக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கிவிடுங்கள், சாலை வேலை நடந்தால் அதற்கும் மேல் ஆகும். இரவு பஸ்ஸை விடப் பகல் பஸ்ஸே மேல் என்பேன். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளி வையுங்கள். பஸ் புறப்படும் நேரமெல்லாம் நேபாள நேரப்படிதான்.

பீகார் வழியாகப் போகிறவர்கள் ரக்சௌலில் இறங்கி பீர்கஞ்ச் போகலாம். அங்கிருந்து காத்மாண்டுக்கு சுமோ ஜீப்கள் கிடைக்கும். மேற்கு வங்கத்தில் பானிடங்கி–காக்கர்பிட்டா, உத்தராகண்டில் பன்பசா–மகேந்திரநகர் வழிகளும் உண்டு. பயணிகள் ரயிலிலேயே எல்லை தாண்ட வேண்டும் என்றால் பீகாரின் ஜெய்நகரிலிருந்து ஜனக்பூருக்குப் போகும் ரயில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 2 அன்று அகலப்பாதையில் தொடங்கிய சேவை அது. சீதை பிறந்த ஊர் என்று ஜனக்பூருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

பணம்

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். இந்த விகிதம் 1993 முதல் மாறவே இல்லை, அதனால் மாற்றும்போது யாரும் வேறு கணக்குச் சொல்லி உங்களைக் குழப்ப முடியாது. கையில் 100 ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோவது பாதுகாப்பு. 2018 டிசம்பரில் நேபாள அரசு 200, 500, 2,000 ரூபாய் இந்தியத் தாள்களுக்குத் தடை விதித்தது. தாள் விதி அடிக்கடி பேசப்படும், மாறும் விஷயம். புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் முதல் ஃபோன்பே (Fonepay, நம் ஊர் PhonePe அல்ல) என்ற நேபாள நிறுவனத்தின் கியூஆர் இருக்கும் கடைகளில் நம் யூபிஐ மூலம் பணம் செலுத்தலாம். ஆனால் மலைப்பாதை பஸ்ஸில் ரொக்கம்தான் வேண்டும். மிஞ்சிய நேபாளப் பணத்தை எல்லையிலேயே மாற்றிவிடுங்கள். கோரக்பூர் தாண்டினால் மாற்றுவது கஷ்டம்.

இந்தியக் குடியுரிமை இல்லாத தமிழர்களுக்கு

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பிய நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை என்று சொல்லப்படும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் இதில் வெளிநாட்டவர்தான். எல்லாம் திறந்து கிடப்பதால் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய்விடத் தோன்றும். அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியப் பக்கத்துக் குடிவரவு அலுவலகத்தைத் தேடிப் போய் வெளியேறும் முத்திரை வாங்க வேண்டும். பிறகு நேபாள அலுவலகத்தில் விசா வாங்கி நுழைவு முத்திரை பெற வேண்டும். இரண்டுமே சாலையோரம் கண்ணில் படாமல் இருக்கும் கட்டடங்கள். உங்களைக் கூப்பிட்டு யாரும் நிறுத்தமாட்டார்கள். முத்திரை இல்லாமல் போனால் திரும்பும்போது அபராதம், விசாரணை என்று இழுபடும்.

நேபாள விசா 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர், 90 நாளுக்கு 125 டாலர். இலங்கையர் உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு, ஆப்கானியர் தவிர, ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம். இந்திய இ-விசாவில் இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். வெளியேறப் பல வாசல்கள் திறந்திருந்தாலும், அதே விசாவில் இந்தியாவுக்குள் நுழையக் குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டுமே அனுமதி. நீங்கள் திரும்பி வரும் எல்லை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் நேபாளத்துக்குள் கால் வைக்காதீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவா, பலமுறை நுழையும் விசாவா என்பதையும் பாருங்கள்.

எல்லை மூடும் நாட்கள்

திறந்த எல்லை என்றாலும் அது மூடப்படும் நாட்கள் உண்டு. எல்லையோரத்தில் தேர்தல் நடக்கும்போது, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாட்களில் இரு பக்கமும் அடைப்பது வழக்கம். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லை மூடப்பட்டது. 2025 செப்டம்பரில் நேபாளத்தில் இளைஞர் போராட்டம் வெடித்தபோது காத்மாண்டு விமான நிலையமும் மூடப்பட்டு, எல்லையில் கெடுபிடி கூடியது. உத்தரப் பிரதேசம், பீகார், நேபாளம் மூன்றின் தேர்தல் தேதிகளையும் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுப்பது நல்லது.

முக்திநாத் போகிறவர்களுக்கு

வைணவர்கள் திருச்சாளக்கிராமம் என்று வணங்கும், 108 திவ்யதேசங்களில் ஒன்றான முக்திநாத், கடல்மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. போகராவிலிருந்து ஜோம்சோம் வழியாகப் பஸ், ஜீப் ஓடுகின்றன. அந்தப் பகுதி அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் இந்தியர்களும் நுழைவு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். போகராவிலேயே வாங்கிவிடலாம். மூச்சு வாங்கும் உயரம் என்பதால் முதியவர்கள் நடுவில் ஒரு இரவு தங்கிப் போவது அவசியம்.

தமிழ்நாடு அரசின் இந்து சமய அறநிலையத் துறை முக்திநாத் யாத்திரைக்கு மானியம் தருகிறது. 2012-ல் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. பயணத்தை முடித்து வந்தவர்களுக்குத்தான் பணம் வரும், போய் வந்ததற்குச் சான்றும் காட்ட வேண்டும். விமானத்தில் போனவரிடம் போர்டிங் பாஸ் இருக்கும். தரைவழியாக வாக்காளர் அட்டையோடு போய் வந்த இந்தியருக்கு எல்லையில் எந்த முத்திரையும் விழுவதில்லை. அதனால் ரயில் டிக்கெட், நேபாள பஸ் சீட்டு, விடுதி ரசீது, அன்னபூர்ணா அனுமதிச் சீட்டு ஆகிய அனைத்தையும் பெயரும் தேதியும் தெரியும்படி ஒரு உறையில் சேர்த்து வையுங்கள். விடுதியில் ரசீது தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பப் படிவத்தையும் அந்த ஆண்டுக்கான கடைசித் தேதியையும் அறநிலையத் துறை இணையதளத்தில் புறப்படுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. என்னென்ன சான்று கேட்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிடும்.