ரேஷன்: கணக்கா, பங்கா?

உங்கள் வீட்டு ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு அட்டை என்றால் அதில் ‘குடும்ப அட்டை’ என்று இருக்கும். கடைக்குப் போனால் பலகையில் ‘நியாய விலைக் கடை’. ஆனால் கையில் பையை எடுத்துக்கொண்டு “நியாய விலைக் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்” என்று சொல்லிக் கிளம்பிய ஆளை நான் பார்த்ததில்லை. அரசாங்கம் இரண்டு பெயர் வைத்தும் ஊர் வாயில் நிற்பது ‘ரேஷன்’தான். அதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது என்று தேடுவதற்கு முன், அது வந்த வழியைப் பார்ப்போம்.

இந்தச் சொல் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. ஆங்கிலத்துக்கு பிரெஞ்சிலிருந்து, பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீன் மூலச்சொல்லுக்குக் கணக்கு, கணக்கிட்டு அறிதல் என்று பொருள். விகிதத்தைக் குறிக்கும் ‘ரேஷியோ’வும், அறிவுக்குப் பொருந்தியது என்னும் ‘ரேஷனல்’லும் அதே வீட்டுப் பிள்ளைகள். முதலில் இது படைமுகாம் சொல்: ஒரு சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு இவ்வளவு ரொட்டி, இவ்வளவு இறைச்சி என்று அளந்து கொடுப்பது. முகாமைவிட்டு வெளியே வந்து சாதாரண வீட்டு அடுப்பங்கரை வரை அதைக் கொண்டுவந்தவை உலகப் போர்கள். 1940 ஜனவரியில் பிரிட்டனில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தது. இந்தியாவில் வங்கப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்ற 1943-ல், கிரிகரி தலைமையிலான உணவு தானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் ரேஷன் முறை வேண்டும் என்றது.

நெருக்கடி தீர்ந்தால் இந்த ஏற்பாடும் போய்விட வேண்டும் என்பதுதான் அன்றைய எண்ணம். 1952-ல் முதலமைச்சரான ராஜாஜி சென்னை மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுக்கவும் செய்தார். ஆனால் விலை ஏறும்போதெல்லாம், மழை பொய்க்கும்போதெல்லாம் அந்த ஏற்பாடு திரும்பி வந்தது. கடைசியில் அதுவே நிரந்தரமாகிவிட்டது.

இலங்கைத் தமிழர் பேச்சில் ‘கூப்பன்’ என்ற சொல் ஊன்றிக்கொண்டது. கூப்பன் அரிசி, கூப்பன் கடை. கூட்டுறவுச் சங்கம் நடத்தினால் ‘சங்கக்கடை’. அங்கே 1953-ல் அரசு பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. அரிசி விலை ஒரு பிரதமரையே வீட்டுக்கு அனுப்பும் என்பதை அந்தத் தீவு அப்போதே பார்த்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதி தரும் சொல் ‘பங்கீடு’. பங்கு + இடு; ‘இடு’ என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ‘ஈடு’ ஆகியிருக்கிறது. பகு, பகிர், பங்கு எல்லாம் ஒரே குடும்பம். ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்ற குறளில் வரும் ‘பகுத்து’ம் அதேதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ரேஷனல்’லுக்குத் தமிழ் ‘பகுத்தறிவு’. ஆங்கிலத்தில் ‘ரேஷன்’, ‘ரேஷனல்’ இரண்டு சொல்லுக்கும் வேர் கணக்கு. தமிழில் ‘பங்கீடு’, ‘பகுத்தறிவு’ இரண்டுக்கும் வேர் பகுத்தல். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, தானாக அமைந்த பொருத்தம்.

‘நியாய விலைக் கடை’ என்னும் பெயருக்கு இன்னொரு கதை. சந்தை விருப்பப்படி விலை ஏற்றும்போது, நியாயமான விலைக்கு விற்க ஒரு கடை வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்துதான். ஆனால் தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி சும்மாவே கிடைக்கிறது. நியாய விலைக் கடையில் முக்கியமான பொருளுக்கு விலையே இல்லை! அரசும் அதை ‘இலவசம்’ என்று சொல்லாமல் ‘விலையில்லா அரிசி’ என்றது. இலவசம் என்றால் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது போலத் தொனிக்கும். அந்தத் தொனியைத் தவிர்த்த சொல் அது. இந்த ஒரு விஷயத்தில் அரசாணைத் தமிழைப் பாராட்டலாம்.

‘பொது விநியோகம்’ என்பது திட்டத்தின் பெயர். நமக்குக் கிடைக்கும் பங்கின் பெயர் அல்ல. ‘வழங்கல்’ என்றாலும் அப்படியே.

எனக்குப் பிடித்தது ‘படி’. அளக்கும் பாத்திரமும் படி. அளந்து தரும் அன்றாட உணவும் படி. அதனால்தான் “படியளக்கிற சாமி” என்கிறோம். ‘பஞ்சப்படி’யிலும் அதுவே இருக்கிறது: பஞ்ச காலத்துக்குக் கூடுதலாக அளப்பது. பின்னால் ‘அகவிலைப்படி’ ஆனபோதும் படி மாறவில்லை. ஆனால் இன்று படி என்றால் சம்பளப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது, அதனால் கடைக்கு அந்தப் பெயர் ஒட்டாது.

எனவே ‘பங்கீடு’தான் சரி என்பேன். காரணம் இலக்கணம் மட்டுமல்ல. 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று மக்களைப் பிரித்து மலிவு அரிசி தரச் சொன்னபோது தமிழ்நாடு அப்படிக் கோடு போட்டுப் பிரிக்க மறுத்தது. அட்டை உள்ள எல்லோருக்கும் கடை திறந்தே இருந்தது. ஏழை என்று நிரூபித்த பிறகு கிடைப்பது உதவி. ஊரில் இருப்பதாலேயே கிடைப்பது பங்கு. 2020 ஏப்ரலில் ஊரடங்கால் எல்லாம் மூடிக் கிடந்தபோது, டோக்கன் கொடுத்து 1000 ரூபாயும் அரிசியும் தெருத் தெருவாகச் சேர்த்தது இந்தக் கடைகள்தான். புதிதாக யார் ஏழை என்று கணக்கெடுக்க வேண்டியிருக்கவில்லை. கடைக்கு நடந்து வர முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் போகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில்தான் வந்தது. கொஞ்சம் தாமதம்தான்.

எழுதும்போது பங்கீட்டு அட்டை, பங்கீட்டுக் கடை என்று எழுதலாம். “இந்த வாரம் தண்ணி ரேஷன்தான்” என்று பேச்சில் சொல்கிறோமே, அங்கே மட்டும் பங்கீடு ஒட்டாது. அது தட்டுப்பாட்டைச் சொல்வது. “தண்ணியை அளந்துதான் விடறாங்க” என்றால் போதும்.