‘ரெண்டிஞ்சி வில்’ எத்தனை அங்குலம் உயர்த்தும்?

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் உறவினர் ஒருவரின் பழைய ஹைலக்ஸ் பிக்கப்பில், முன்பக்கப் பட்டைவில்களை (தகடுகளை அடுக்கிச் செய்த வில்கள்) அச்சோடு சேர்த்துக் கழற்றிவிட்டு, பெரிய ஜீப் ஒன்றின் சுருள்வில் அச்சைப் பொருத்தினார்கள். பிடிமானங்கள் எல்லாம் அந்த ஜீப்பின் அளவுகளுக்கு ஏற்பவே செசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒட்டப்பட்டன. அச்சோடு வந்த வில்கள் களைத்துப் போயிருந்தமையால் புதிதாக ஒரு சோடி வாங்கப்பட்டது. “அண்ணை, இது ரெண்டிஞ்சி உயர்த்திற வில்லு, அந்த ஜீப்புக்கெண்டே செய்தது; யோசிக்காமல் போடுங்கோ” என்று விற்றவர் சொன்னார். கட்டைகளை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கியபோது, இரண்டு அங்குலம் எழும்ப வேண்டிய முன்பக்கம் மூன்று அங்குலம் எழும்பி நின்றது. வீதியில் ஓடுகையில் ஸ்டியரிங் அலைந்தது. மதகுகளைத் தாண்டும்போது முன்பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஓர் ஓசையும் வந்தது.

விற்றவர் பொய் சொல்லவில்லை. வில்லின் மேல் எழுதப்படும் ‘இரண்டு அங்குலம்’ என்பது அது எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டதோ அந்த வண்டியின் பாரத்துக்கு மட்டுமே பொருந்தும் எண். அச்சு வேறு வண்டிக்கு இடம்பெயர்ந்தவுடன் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லாமற் போகிறது.

உயர்தரப் பௌதிகவியலில் படித்த ஊக்கின் விதியே இங்கு முழு வேலையையும் செய்கிறது. பாரத்தை வில் மாறிலியால் (வில்லை ஒரு மில்லிமீற்றர் அமுக்கத் தேவையான விசையால்) வகுத்தால் வில் எவ்வளவு அமுங்கும் என்பது கிடைக்கும். சுமையற்ற நீளத்திலிருந்து அதைக் கழித்தால் வண்டி நிற்கும்போது வில்லின் நீளம் கிடைக்கும். ஆகவே நமக்குத் தேவைப்படுபவை மூன்று: வில்லின் மேல் உண்மையில் இறங்கும் பாரம், வில் மாறிலி, சுமையற்ற நீளம்.

பாரத்தை ஊகிக்கக் கூடாது, நிறுக்க வேண்டும். நெல் லொறிகளை ஏற்றி நிறுக்கும் தரைத்தராசில் முன்சில்லுகள் இரண்டையும் மட்டும் ஏற்றி, சாரதியை அவருடைய ஆசனத்தில் இருத்தி நிறுத்தால் முன் அச்சின் நிறை தெரிந்துவிடும். எங்கள் பிக்கப்புக்கு அது ஏறத்தாழ 1100 கிலோ. இதில் அச்சு, டிஃபரன்சியல், சில்லுகள், பிரேக் பாகங்கள் ஆகியவற்றின் நிறை வில்லுக்குக் கீழே நேரே தரையில் இறங்குவது. அதை 250 கிலோ எனக் கழித்தால், எஞ்சும் 850 கிலோவை இரு வில்கள் பகிர்கின்றன. ஒரு வில்லுக்கு 425 கிலோ, அதாவது ஏறத்தாழ 4170 நியூற்றன்.

அடுத்தது வில் மாறிலி. சுருள்வில் அமுங்கும்போது அதன் உருக்குக் கம்பி வளைவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது தன் நீளம் முழுவதும் முறுக்கப்படுகிறது. நீண்ட முறுக்குக் கம்பியொன்றைச் சுருட்டி வைத்ததே சுருள்வில். அதனால் அதன் விறைப்பு கம்பியின் விட்டத்தினுடைய நான்காம் அடுக்கோடு கூடும். சுருளின் விட்டத்தினுடைய மூன்றாம் அடுக்கோடும், இயங்கும் (முனைகளில் படிந்து கிடக்காத) சுற்றுகளின் எண்ணிக்கையோடும் குறையும். முறுக்கத்தை எதிர்க்கும் உருக்கின் மட்டு ஏறத்தாழ 79 கிகாபஸ்கால். கம்பி 16 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 130 மி.மீ., இயங்கும் சுற்று 7 எனக் கொண்டு கணக்கிட்டால் மில்லிமீற்றருக்கு 42.1 நியூற்றன் வரும். வெளிநாட்டுப் பட்டியல்களில் இதையே அங்குலத்துக்கு 240 இறாத்தல் என எழுதியிருப்பார்கள். மற்ற எல்லாம் அப்படியே இருக்கக் கம்பி மட்டும் 17 மி.மீ. ஆனால் 53.6 நியூற்றன். ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு 27 வீத விறைப்பு என்பது கண்ணால் பார்த்து வில் தெரிபவருக்குப் பெரிய பொறி. கம்பியை வேணியர் இடுக்கியால் அளக்கும்போது மைப்பூச்சைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். பூச்சும் துருவும் சேர்ந்து அரை மில்லிமீற்றர் கூட்டிக் காட்டினாலே விடை 13 வீதம் பிழைக்கும்.

சூத்திரத்தை நம்பாதவர்கள் நேரடியாகச் சோதிக்கலாம். வில்லை நிமிர்த்தி, சரிந்துவிடாதபடி நடுவில் குழாயொன்றை நிறுத்தி, துளையிட்ட பலகையை அதில் கோத்து, 50 கிலோ சீமெந்துப் பைகள் நான்கை அடுக்கினால் 16 மி.மீ. வில் ஏறத்தாழ 47 மி.மீ. அமுங்கும். எனக்கு இந்த முறையில்தான் கூடுதல் நம்பிக்கை, ஏனென்றால் எத்தனை சுற்று இயங்குகிறது, எத்தனை சுற்று இருக்கையில் படிந்து சும்மா கிடக்கிறது என்ற வாதத்துக்கே இங்கு இடமில்லை.

இப்போது அந்த மூன்றாவது அங்குலம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். வாங்கிய வில் 17 மி.மீ. கம்பியும் 400 மி.மீ. சுமையற்ற நீளமும் கொண்டது. அது ஒரு பக்கத்துக்கு 560 கிலோ தாங்கும் ஜீப்புக்கானது. அங்கே 102 மி.மீ. அமுங்கி 298 மி.மீ. நீளத்தில் நிற்கும். எங்கள் 425 கிலோவின் கீழ் அது 78 மி.மீ. மட்டுமே அமுங்கி 322 மி.மீ. நீளத்தில் நின்றது. வித்தியாசம் 24 மி.மீ., ஏறத்தாழ ஓர் அங்குலம். அதே நீளமுள்ள 16 மி.மீ. வில் 99 மி.மீ. அமுங்கி 301 மி.மீட்டரில் நிற்கும், தேடியிருக்க வேண்டியது அதைத்தான்.

‘டக்’ என்ற ஓசைக்கும் இதே கணக்கு விடை சொல்கிறது. நின்ற நிலையில் 78 மி.மீ. மட்டுமே அமுங்கியிருக்கும் வில், சில்லு அவ்வளவு தூரம் கீழே தொங்கியவுடன் முழுவதும் தளர்ந்துவிடும். நீளமான சொக் அப்சோபர் அச்சை அதைவிடக் கூடுதலாக இறங்க விட்டால், வில் தன் இருக்கையிலிருந்து விலகி, திரும்பி வரும்போது உலோகத்தில் அடிக்கும். விறைப்பான வில் உயரத்தையும் கூட்டித் தொங்கும் தூரத்தையும் குறைக்கிறது என்பது பலருக்குப் புதினமாக இருக்கும். மறுபக்கத்தில், வில் முழுதாக அமுங்கிச் சுற்றோடு சுற்று ஒட்டுவதற்கு முன்பே தடுப்பு ரப்பர் முட்டிவிட வேண்டும். சும்மா கிடக்கும் சுற்றுகளையும் சேர்த்து எட்டரைச் சுற்றுள்ள 16 மி.மீ. வில் 136 மி.மீட்டரில் ஒட்டிவிடும் என்பதால் அங்கே எங்களுக்குப் போதிய இடம் இருந்தது.

ஸ்டியரிங் அலைந்த கதை சற்று வேறு. பட்டைவில் பாரத்தைத் தாங்குவதோடு அச்சை முன்பின்னும் பக்கவாட்டிலும் பிடித்தும் வைக்கிறது. தகடுகளின் உராய்வால் ஆட்டத்தையும் ஓரளவு அடக்குகிறது. சுருள்வில்லுக்குத் தாங்க மட்டுமே தெரியும். அதனால்தான் 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரிலும், 1990இல் வந்த 80 தொடர் லேண்ட் குரூசரிலும் முன் அச்சை முன்பின் பிடிக்க இரு நீளக் கைகளும், பக்கவாட்டில் பிடிக்கப் பன்ஹாட் கம்பியும் உள்ளன. வண்டி எழும்பும்போது அந்தக் கைகள் அச்சையே சுழற்றுகின்றன. கையின் நீளம் 900 மி.மீ. என்றால், 75 மி.மீ. உயர்வு அச்சை ஏறத்தாழ 5 பாகை திருப்பிவிடும். சில்லைத் தானாக நேரே வரச்செய்யும் பின்சாய்வு சில பாகைகளே இருப்பதால், அது அநேகமாக முழுவதும் கரைந்துபோகிறது. உயரம் இரண்டு அங்குலமேயானாலும் 3 பாகை போய்விடும். துளை மையம் விலகிய ரப்பர் புஷ்களைக் கைகளில் போட்டு அதை மீட்க வேண்டும். பன்ஹாட் கம்பியும் ஸ்டியரிங் இழுவைக் கம்பியும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாகத் திரும்பும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் துளிகளால் இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. சமாளிக்கும் கெட்டித்தனம் எங்கள் கராஜ்களில் இன்றும் உண்டு. ஆனால் உயரம் கூடிவிட்டது என்று வில்லைக் காஸ் சுடரால் காய்ச்சி அமுக்குவதும் சுற்றொன்றை வெட்டுவதும் அந்தக் கெட்டித்தனத்தில் சேராது. செந்தழலாகக் காய்ந்த இடத்தில் உருக்கு தன் பதத்தை இழந்து, பின்னர் அதே இடத்தில் தளர்ந்தோ முறிந்தோ போகும். ஏழு இயங்கு சுற்றில் ஒன்றை வெட்டினால் நீளம் குறைவதோடு விறைப்பும் ஆறில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கொஞ்சம் உயர்த்த வேண்டுமென்றால், மாறிலியைத் தொடாத, வில்லுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே வைக்கும் தட்டே போதும்.

பின்னால் ஏற்றும் நெல்லைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. அச்சுகளுக்கிடையே 3 மீற்றர் இருக்க, 600 கிலோ நெல்லின் மையம் பின் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் விழுந்தால் முன்னுக்கு வருவது 60 கிலோதான். முன்வில்கள் 7 மி.மீ. மட்டும் இறங்கும். மாறாக, முன் அச்சுக்கு 80 செ.மீ. முன்னால் 90 கிலோ இரும்புத் தடுப்பும் வின்ச்சும் பூட்டினால், நெம்புகோலின் காரணமாக முன் அச்சில் 114 கிலோ கூடி, வில்கள் 13 மி.மீ. இறங்கும். அவற்றைப் பூட்டுவதாக இருந்தால் பூட்டிய பிறகே நிறுக்க வேண்டும்.

சொகுசின் அளவும் அமுக்கத்திலேயே அடங்கியிருக்கிறது. 99 மி.மீ. அமுங்கி நிற்கும் வில்லில் உடல் வினாடிக்கு 1.6 தடவை ஆடும், 78 மி.மீ. என்றால் 1.8 தடவை. கிரவல் வீதியின் அலைமேடுகளைக் குறைசொல்லி மெல்லிய வில் தேடுபவர்கள் தவறான பாகத்தைப் பார்க்கிறார்கள். முக்கால் மீற்றருக்கொன்றாக வரும் அம்மேடுகள் 30 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 11 தடவை அடிக்கும். அந்த வேகத்தில் துள்ளுவது அச்சு, அதை அடக்குவது சொக் அப்சோபர்.

உறவினரின் பிக்கப்புக்கு 16 மி.மீ. வில்கள் வந்தன, சாரதி இருக்கும் வலப்பக்கத்துக்கு 10 மி.மீ. தட்டொன்றும் புதிய புஷ்களும் சேர்ந்தன. ஓசை நின்றது, ஸ்டியரிங்கும் அடங்கியது. மாரி தொடங்கி, உழவு இயந்திரங்கள் தடம் பதித்த வயற்பாதையில் இறங்கியபோது மட்டும், தடங்களுக்கு நடுவிலுள்ள மேட்டில் டிஃபரன்சியல் முன்போலவே உரசியது. இவ்வளவு உயர்த்தியும் ஏன் என்று கேட்டார். வில் தூக்குவது செசியையும் உடலையும்தான்; டிஃபரன்சியல் அச்சோடு இருப்பதால், அதைத் தரையிலிருந்து உயர்த்துவது ரயரின் ஆரை ஒன்றே.