அழுத்த அழுத்த வழுக்கும் சுத்தியல்

“கெட்டிங் ஓவர் இட் விளையாடுறேன் சார். சுத்தியலைப் பாறையில நல்லா அழுத்தினா பிடிமானம் கூடணும்தானே? எனக்கு அழுத்த அழுத்த வழுக்குது. கோளாறு போன்லயா, என்கிட்டயா?” என்று ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருக்கிறார்.

இரண்டிலும் இல்லை தம்பி. கோளாறு கோணத்தில்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம். பெனட் ஃபாடி 2017இல் வெளியிட்ட கேம் இது. இடுப்புவரை ஓர் அண்டாவுக்குள் உட்கார்ந்திருக்கும் மொட்டைத்தலை மனிதர்தான் நாயகன். பெயர் டயோஜெனிஸ். (ஜாடிக்குள் குடியிருந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கத் தத்துவவாதியின் பெயர் அது. ஃபாடியும் தத்துவத்துறையில் இருந்தவர்தான். குசும்பு புரிகிறது.) கையில் நீளக் காம்புள்ள சுத்தியல் ஒன்று. அதை மட்டும் வைத்துக்கொண்டு மலை ஏற வேண்டும். நடக்கவோ குதிக்கவோ பட்டன் கிடையாது. மவுஸை, அல்லது போனில் விரலை, நகர்த்தினால் சுத்தியல் நகரும். அவ்வளவுதான். விழுந்தால் பாதி வழியில் தாங்கிப் பிடிக்கவும் யாருமில்லை. முக்கால் மலை ஏறியவர் அடிவாரத்துக்கே வந்து விழலாம். இதே ஃபாடி 2008இல் ஓர் ஓட்டக்காரரின் தொடைகளையும் கெண்டைக்கால்களையும் நான்கு விசைகளில் பிரித்துக் கொடுத்து, உலகத்தையே நூறு மீட்டர் ஓட முடியாமல் தவிக்கவிட்டவர்.

மரியோ மாதிரி கேம்களில் குதிப்பது சுலபம். பட்டனைத் தட்டியதும் ‘மேல்நோக்கி இவ்வளவு வேகம்’ என்று நிரல் எழுதிவிடும். மரியோ உண்மையில் தரையை உதைப்பதே இல்லை. அண்டாக்காரர் விஷயம் வேறு. சுத்தியல் தரையைத் தள்ளும், தரை அவரைத் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி, பத்தாம் வகுப்பு. கழி ஊன்றி ஓடம் தள்ளுகிறவரைப் பார்த்திருந்தால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். இதையெல்லாம் கணினி எப்படிக் கணக்குப் போடுகிறது?

விநாடியை 60 துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் புவியீர்ப்பு அண்டாவின் கீழ்நோக்கிய வேகத்தில் 0.16 மீட்டர்/விநாடி சேர்க்கும் (9.8ஐ 60ஆல் வகுத்ததுதான்). சேர்த்ததும் நிபந்தனைகள் வரிசையாக வந்து நிற்கும்: சுத்தியல் தலை பாறைக்குள் புகக்கூடாது, காம்பு கையை விட்டுக் கழலக்கூடாது, அண்டா தரைக்குள் இறங்கக்கூடாது. சிக்கல் என்னவென்றால், ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். சுத்தியலைப் பாறையிலிருந்து வெளியே தள்ளினால் கை இழுபடும். கையைச் சரிசெய்தால் அண்டா தரைக்குள் அமுங்கும்.

கயிற்றுக் கட்டில் இழுத்துக் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓர் இழையை இறுக்கினால் பக்கத்து இழை தளரும். கட்டுகிறவர் அதற்காகக் காகிதத்தில் சமன்பாடு போடுவதில்லை. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு சுற்று இழுப்பார், மறுபடி முதலிலிருந்து இழுப்பார். நாலைந்து சுற்றில் கட்டில் விறைப்பாக நிற்கும். கேமுக்குள் பொருள்களின் அசைவைக் கணக்கிடும் நிரலான பிசிக்ஸ் என்ஜின் செய்வதும் அதுவேதான். ஒவ்வொரு தொடுபுள்ளிக்கும் ஒரு சிறு கணத்தாக்கு (வேகத்தைச் சட்டென்று மாற்றும் ஒரு தள்ளல்) கொடுக்கும், அடுத்ததற்குப் போகும், திரும்ப வரும். பாக்ஸ்2டி என்ற புகழ்பெற்ற என்ஜினின் பழைய பதிப்புகளின் கையேடு, வேகங்களைத் திருத்த 8 சுற்று என்று பரிந்துரைத்தது.

இதற்குள் ஒரு நுணுக்கம் உண்டு. பாறை தள்ளலாம், இழுக்கக்கூடாது. அதனால் கணத்தாக்கு எதிர்மறையாகப் போனால் உடனே அதைப் பூஜ்யமாக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பொருள்கள் நடுங்க ஆரம்பிக்கும். ஏனென்றால் முதல் சுற்றில் தெரியாமல் கூடுதலாகக் கொடுத்துவிட்டதைப் பிந்தைய சுற்றில் திரும்ப வாங்க வழியே இருக்காது. ஆகவே ஒவ்வொரு தொடுபுள்ளிக்கும் ஒரு பற்று-வரவுக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். எந்தச் சுற்றிலும் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் மட்டும் கடனில் போகக்கூடாது. அடுத்த துண்டு நேரம் தொடங்கும்போது பழைய மொத்தத்திலிருந்தே தொடங்குகிறார்கள். நேற்று கட்டிய கட்டிலை இன்று லேசாக முறுக்கிவிடுவதுபோல. முதல் தடவை இதை நிரலில் படித்தபோது எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இந்த உத்தியை எரின் கேட்டோ 2006இல் கேம் உருவாக்குநர்கள் மாநாட்டில் விளக்கினார். அதிலிருந்து வளர்ந்த பாக்ஸ்2டியை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகவே கொடுத்துவிட்டார். ஆங்கிரி பேர்ட்ஸில் பறவைகள் பறந்து இடித்ததெல்லாம் அதை வைத்துத்தான். ஆனால் சுற்றிச் சுற்றித் திருத்தும் யோசனை அவர் காலத்துக்கும் மிக முந்தையது. 1823இல் கணிதமேதை காஸ் தம் மாணவர் கெர்லிங்குக்கு ஒரு கடிதத்தில் அதை எழுதியிருக்கிறார், பாதித் தூக்கத்திலும் செய்யலாம் என்ற சிபாரிசோடு. அவருக்கு அது நில அளவைக் கோணங்களைச் சரிக்கட்ட உதவியது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுப் போகிறவரிடம் ‘இதனால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?’ என்று ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்லும் வழக்கம் எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். காஸ் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்? ‘அண்டாவில் உட்கார்ந்தவர் மலை ஏறுவார்’ என்றா?

சரி, வழுக்கலுக்கு வருவோம். அது உராய்வின் வேலை. பாடப்புத்தகத்தில் மின்னூட்டத்தோடு வரும் அதே கூலும்தான் இங்கேயும் வருகிறார். பரப்பை எவ்வளவு விசையோடு செங்குத்தாக அழுத்துகிறோமோ, அதை உராய்வுக் குணகத்தால் (இரு பரப்புகளுக்கு இடையே பிடிமானம் எவ்வளவு என்று சொல்லும் எண்) பெருக்கினால் கிடைப்பதே உராய்வின் உச்சவரம்பு. என்ஜினிலும் இதே விதிதான். செங்குத்துக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ, அதற்கு ஏற்பவே பக்கவாட்டுக் கணக்கில் செலவு செய்யலாம்.

குணகம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். பாறைப் பரப்புக்குச் செங்குத்தாக மனதில் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து 40 டிகிரி சாய்வாக, 10 நியூட்டன் விசையோடு சுத்தியல் தள்ளுகிறது. செங்குத்துப் பங்கு 7.7. ஆக உராய்வு அதிகபட்சம் 3.8 தாங்கும். ஆனால் பக்கவாட்டுப் பங்கு 6.4. தாங்காத 2.6 நியூட்டன் சுத்தியலை வழுக்க வைக்கிறது. இப்போது தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு 20 நியூட்டன் கொடுக்கிறார். உராய்வு 7.7 தாங்கும், பக்கவாட்டில் 12.9 தள்ளும். தாங்காதது 5.2. இரண்டு மடங்கு அழுத்தினால் இரண்டு மடங்கு வழுக்கல்!

அதே 10 நியூட்டனை 20 டிகிரியில் கொடுத்துப் பாருங்கள். உராய்வு 4.7 வரை தாங்கும், பக்கவாட்டில் வருவதோ 3.4தான். சுத்தியல் அசையாது. 100 கொடுத்தாலும் அசையாது. விசையின் அளவு இருபக்கமும் அடிபட்டுப்போய்க் கோணம் மட்டும் மிஞ்சுகிறது. 0.5 குணகத்துக்கு எல்லை சுமார் 27 டிகிரி. வெள்ளையடிக்க வருகிறவர் ஏணியைச் சாய்க்கும்போது அடியை ஒரு பார்வை பார்த்துக் காலால் தள்ளிச் சரிசெய்வாரே, அவர் பார்ப்பதும் இதைத்தான். கேமின் மேற்பகுதியில் பனிக்கட்டிப் பாறை வரும். அங்கே குணகம் 0.1 என்று இருந்தால் எல்லை வெறும் 6 டிகிரி. இதைத் தெரிந்துகொண்டும் நான் விழுகிறேன், அது தனிக்கதை.

‘அந்த ஒரு இடம் மட்டும் எனக்கு ராசியில்லை, கேம் வேணும்னே தள்ளிவிடுது’ என்று சொல்கிறவர்களும் உண்டு. வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிற மனசு, மவுஸுக்கும் கட்டச் சொல்லும். பாக்ஸ்2டி போன்ற என்ஜினுக்குள் தாயக்கட்டை எதுவும் உருளவில்லை. அதே நிலையில் அதே அசைவைக் கொடுத்தால் அதே விடைதான். நம் கைதான் ஒரே அசைவை இரண்டு தடவை செய்யாது. எல்லைக்கோணத்தை ஒட்டி நிற்கும்போது 26க்கும் 28க்கும் இடையில் மலையே இருக்கிறது.

கேள்வி கேட்ட தம்பி செய்ய வேண்டியது இது. சுத்தியலைப் பாறையின் முகத்தில் வைத்து அழுத்த வேண்டாம். விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொக்கி மாட்டுவதுபோல் மாட்டிவிட்டு இழுக்கவும். அப்போது இழுக்கும் திசையே பரப்புக்கு ஏறக்குறைய செங்குத்தாகிவிடும். உராய்வை நம்பியிருக்கத் தேவையே இல்லை. தொடக்கத்தில் நிற்கும் பட்ட மரத்தின் கிளையில் பத்துத் தடவை பழகிப் பாருங்கள். விழுந்தாலும் அங்கே உயரம் குறைவு.